ஐம்பத்து நான்காவது வாரம்

"அந்தக் கடைசி நாலு நம்பரை மறுக்கா படிங்க" என்றாள் பாப்பம்மாள்.

இராஜமாணிக்கம் கைப்பேசியை மூக்குக்கு நேராகத் தூக்கிப் பிடித்தார். திரையில் அவள் கேட்கிற ஜீப் டயரின் படம் இல்லை. ஈரோட்டிலிருந்து ஒன்றுவிட்ட தம்பி அனுப்பிய காலை வணக்கமும் இரண்டு ரோஜாப் பூக்களும்தான் இருந்தன. அந்த ரோஜாக்களைப் பார்த்துக்கொண்டே, "அம்பத்தி நாலு, இருவத்தி நாலு" என்று வாசித்தார்.

"அம்பத்தி நாலா?"

"ஆமா புள்ள. அஞ்சு, நாலு, ரெண்டு, நாலு. தெளிவாத்தான் போட்டிருக்குது."

கட்டிலில் ஒருக்களித்துக் கிடந்தவள் கொஞ்ச நேரம் அவர் முகத்தையே பார்த்தாள். பிறகு கண்ணை மூடிக்கொண்டாள். தப்பித்தோம் என்று அவர் இளநீர்த் தம்ளரை எடுத்து, கரண்டியால் ஒரு வாய் கொடுத்தார். அது இறங்கியது. இரண்டாவது வாய் உதட்டோரம் வழிந்தது. தோளில் கிடந்த துண்டால் துடைத்துவிட்டார்.

பதினாலு நாளாக இதே பிழைப்பு. அன்றைக்கு ஆஸ்பத்திரியில் பெரிய டாக்டர் அவரைத் தனியாக அழைத்து, இனிமேல் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்வதுதான் நல்லது, வலியில்லாமல் இருக்க மருந்து தருகிறேன் என்று இந்தியில் மெதுவாகச் சொன்னார். கணையத்தில் தொடங்கியது கல்லீரல் வரைக்கும் போயிருந்தது. ஆம்புலன்ஸுக்காக வாசலில் நிற்கும்போதே இராஜமாணிக்கம் டெல்லி மாயாபுரியில் ஒர்க் ஷாப் வைத்திருக்கும் ஆரிப்புக்குப் போன் போட்டார். "ஜீப் வேலைய நிறுத்திருப்பா. ஒசத்தற கிட்டும் வேண்டாம், டயரும் வேண்டாம். வண்டி அங்கயே நிக்கட்டும்" என்றார். எதற்காக அப்படிச் சொன்னார்? கோபம்தான். யார் மேல் என்று தெரியாத கோபம், கையில் அகப்பட்ட ஜீப் மேல் போய் விழுந்தது.

வீட்டுக்கு வந்து கட்டிலில் கிடத்தியதும் அவள் கேட்ட முதல் கேள்வி, "கிட் வந்துருச்சாமா?"

"வந்துருச்சு" என்று சொல்லிவிட்டார். வேறு என்ன சொல்வார்? நிறுத்தச் சொல்லிவிட்டேன் என்றால் ஏன் என்று கேட்பாள். அந்த ஏனுக்கு உலகத்தில் ஒரே ஒரு பதில்தான் இருந்தது. அதை இவர் வாயால் இவளிடம் சொல்வதற்குப் பதில், தினம் ஒரு புளுகு சொல்வது சுலபமாக இருந்தது. முன் ஸ்ப்ரிங் மாட்டியாகிவிட்டது என்றார். வண்டி உயர்ந்ததால் ப்ரேக் குழாய் எட்டவில்லை, நீளமாக வேறு வாங்கிப் போட்டிருக்கிறான் என்றார். அந்தக் குழாய் விஷயம் அவருக்கே பிடித்திருந்தது. முப்பத்தொரு வருஷம் பொதுத்துறைக் கம்பெனி ஸ்டோர்ஸில் உட்கார்ந்து, ஓர் ஆணி உள்ளே வந்தாலும் திருப்பித் திருப்பிப் பார்த்து எடுத்து வைத்த மனுஷன், வயது அறுபத்து மூன்றில் பொய்யில் இத்தனை நுணுக்கம் காட்டுவார் என்று யார் கண்டது?

ஆனால் கேட்கிறவள் சாதாரணப்பட்டவள் அல்லவே. பாப்பம்மாள் திருச்செங்கோட்டுக்காரி. அவள் அப்பா ரிக் லாரி வைத்து ஊர் ஊராகப் போர்வெல் போட்டவர். கூடப் படித்த பெண்கள் தாவணிக்கு வளையல் பொருத்தம் பார்த்த வயசில், இவள் லாரி டயரில் நாலணாக் காசைச் செருகி இன்னும் எவ்வளவு பட்டன் தேயாமல் மிச்சம் என்று பார்த்தவள். கல்யாணமாகி டெல்லிக்கு வந்து, கோல் மார்க்கெட் பக்கத்து ஒற்றை அறையிலிருந்து மயூர் விஹார் ஃப்ளாட் வரைக்கும் குடும்பத்தை நடத்தினாள். வண்டியையும் அவள்தான் ஓட்டினாள். இராஜமாணிக்கத்துக்கும் லைசென்ஸ் இருந்தது. இருந்து என்ன, பின்னால் வருகிறவனெல்லாம் ஹாரன் அடித்தே களைத்துப்போவான். வண்டி வலது பக்கம் அவளுடையது, இடது பக்கம் இவருடையது என்று எப்போதோ முடிவாகிவிட்டது. மடியில் தண்ணீர் பாட்டிலும் கையில் வரைபடமுமாக உட்கார்ந்து, போக வேண்டிய வழியைத் தப்பாகச் சொல்வது இவர் வேலை.

ரிட்டயரான வருஷம் அந்தப் பெட்ரோல் ஜீப்பை வாங்கினார்கள். ஏழு வருஷப் பழசு. டெல்லி சட்டப்படி பதினைந்து வருஷம்தான் ஓடலாம். "இன்னும் எட்டு வருசம் ஆயுசுன்னு சர்க்காரே எழுதிக் குடுத்திருக்குது. நமக்குத்தான் யாரும் எழுதித் தரல" என்று அவள் சிரித்தாள். இமயமலையில் ஸ்பிதிக்குப் போக வேண்டும், மணாலியைத் தாண்டி அந்தக் கல்லுப் பாதையில் ஏற வேண்டும். அதற்கு வண்டியைக் கொஞ்சம் உயர்த்த வேண்டும், நல்ல டயர் போட வேண்டும்.

அங்கே பிடித்தது சண்டை. மூன்று வருஷம் ஓய்ந்தபாடில்லை. இராஜமாணிக்கம் யூடியூபில் பார்த்துப் பார்த்து மனப்பாடம் செய்துகொண்டு, நாலு இஞ்சு உயர்த்தி, பெரிய பெரிய பட்டன் வைத்த சேற்று டயர்தான் போட வேண்டும் என்றார். பார்த்தால் பார்க்கிறவன் ஒதுங்கி வழிவிட வேண்டும். அவள் ரெண்டு இஞ்சு போதும் என்றாள். "நாலு இஞ்சு தூக்குனா ஷாஃப்டு கோணம் கெட்டுப் போயி ஆறு மாசத்துல தடதடன்னு அடிக்கும். போலீஸ்காரன் அரை மைல்லயே பாத்துருவான். சேத்து டயர் போட்டா தார் ரோட்டுல மாவு மில்லாட்டம் கத்தும். ஆயிரம் கிலோமீட்டர் தார் ரோடு, அம்பது கிலோமீட்டர் கல்லு. எந்த ரோட்டுக்குங்க டயர் வாங்கோணும்?" என்று கேட்டாள். அவர் விட்டுக் கொடுக்கவில்லை. போன நவம்பரில் ஒரு நாள், வயிற்று வலி என்று ஸ்கேன் எடுத்துவிட்டு வந்த மத்தியானத்தில், "சரி, உன்ற இஷ்டப்படியே ரெண்டு இஞ்சு" என்று திடீரென்று இறங்கி வந்தார். அவள் சந்தோஷப்படவில்லை. அவரை உற்றுப் பார்த்து, "ரிப்போர்ட்டுல என்ன போட்டிருக்குது?" என்று கேட்டாள்.

இப்போது பிப்ரவரி. பால்கனிக் கதவு வழியாக வெயில் கட்டில் கால் வரைக்கும் வந்திருந்தது. காலையில் நர்ஸ் வந்து ஊசி போட்டுவிட்டுப் போயிருந்தாள். மகள் அகல்யா, குருகிராமில் வேலை, லீவெல்லாம் தீர்ந்துபோய் முன்னறையில் லேப்டாப்போடு உட்கார்ந்திருந்தாள். அப்பாவின் புளுகு அவளுக்குத் தெரியும். முதல் நாளே, "கியா பாப்பா, யே க்யோன்?" என்று, ஏனப்பா இது என இந்தியில் கேட்டு, அவர் முகத்தைப் பார்த்து வாயை மூடிக்கொண்டவள்.

"அகலு" என்று உள்ளிருந்து குரல் வந்தது. மெலிந்த குரல்தான், ஆனால் கூப்பிட்ட தோரணை பழையது. அகல்யா காதில் மாட்டியிருந்ததைக் கழற்றிவிட்டு ஓடி வந்தாள்.

"என்னம்மா? பெயின் இருக்கா?"

"வருசத்துக்கு எத்தன வாரம் கண்ணு?"

"ஃபிஃப்டி டூ. ஏம்மா?"

"உங்கப்பாவுக்கு மட்டும் அம்பத்தி நாலு."

இராஜமாணிக்கத்தின் கையில் கரண்டி அப்படியே நின்றது. டயரின் பக்கவாட்டில் அச்சடித்திருக்கும் கடைசி நாலு எண்ணில் முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருஷம். எந்த வாரத்தில் செய்த டயர் என்று தெரியாமல் வாங்கக் கூடாது என்று அவருக்குச் சொல்லிக் கொடுத்ததே இவள்தான். எத்தனையோ நம்பர் இருக்கிறதே, நாக்கு போயும் போயும் அதிலா போய் இடற வேண்டும்?

"அம்மா, அப்பா வந்து..." என்று அகல்யா ஆரம்பித்தாள்.

"நீ சும்மாரு கண்ணு. ஏனுங்க, எப்ப நிறுத்துனீங்க?"

அவர் கரண்டியைத் தம்ளரில் போட்டார். "வீட்டுக்கு வந்தமே, அன்னைக்கு."

"அப்ப முன்னாடி ஸ்ப்ரிங்கு மாட்டுனது?"

"மாட்டல."

"ப்ரேக் குழாயி?"

"அதுவும் இல்ல புள்ள."

அவள் உதட்டில் ஏதோ அசைந்தது. "குழாயி நல்லாச் சொன்னீங்க. அத நான் நம்பிட்டேன்" என்றாள். அகல்யாவுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்து, முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஆனால் பாப்பம்மாளின் சிரிப்பு அத்தோடு சரி. மூச்சைச் சேர்த்துக்கொண்டு அடுத்த கேள்வியைக் கேட்டாள்.

"எதுக்கு நிறுத்துனீங்க?"

அவர் பால்கனிப் பக்கம் பார்த்தார். கீழே காய்கறி வண்டிக்காரன், பதிவு செய்த குரலை ஒலிபெருக்கியில் போட்டுக்கொண்டு போனான். ஆலு, ப்யாஜ், டமாட்டர் என்று அது சொன்னதையே சொல்லிக்கொண்டிருந்தது.

"வாயத் தொறந்து சொல்லுங்க. நான் போயிருவேன்னுதானே?"

"அப்பிடியெல்லாம் பேசாத."

"நான் போறதுக்கும் வண்டிக்கும் என்னங்க சம்பந்தம்? அது என்ன பாவம் பண்ணுச்சு? நாலு மொட்டச் சக்கரத்தோட கெடக்குதா அங்க?" நிஜமாகவே கோபம் வந்துவிட்டது அவளுக்கு. இரண்டு வாரமாக வெளுத்துக் கிடந்த முகத்தில் கொஞ்சம் ரத்தம் ஏறியது. "மூணு வருசம் நாயா பேயா சண்ட போட்டு, பாத்துப் பாத்து முடிவு பண்ணுனது. ஒரு போன்ல வேண்டாம்னு சொல்லிப் போட்டு வந்துட்டீங்க. என்னயக் கேக்கோணும்னு தோணலயா?"

"தப்புத்தான்" என்றார் இராஜமாணிக்கம்.

"போடுங்க ஆரிப்புக்கு. ஸ்பீக்கர்ல போடுங்க."

ஆரிப் வாணியம்பாடிக்காரர். நாற்பது வயசு. வீட்டில் உருது, கடையில் இந்தி, இவர்களிடம் மட்டும் தமிழ். இரண்டு தடவை மணி அடிப்பதற்குள் எடுத்துவிட்டார். பின்னணியில் எதையோ சுத்தியலால் தட்டுகிற சத்தம் கேட்டது.

"சொல்லுங்க அங்கிள். ஆன்ட்டி எப்டி இருக்காங்க?"

"ஆன்ட்டிதான் பேசறேன்."

சுத்தியல் சத்தம் நின்றது. "ஆன்ட்டி! அது, அங்கிள் சொன்னாரேன்னு..."

"அதெல்லாம் தெரியும். அந்த கிட்டு இருக்குதா?"

"வேற பார்ட்டிக்குப் போட்டுட்டேன் ஆன்ட்டி. இப்ப சொன்னா ஒரு வாரத்துல புதுசு வந்துரும். டயர் ஸ்டாக்ல இருக்கு. ரெண்டு இஞ்சுதான?"

"அவரக் கேளு. வண்டி அவருது."

இராஜமாணிக்கத்துக்கு அந்த வார்த்தை நெஞ்சில் இடித்தது. நாலு இஞ்சுக்காக மூன்று வருஷம் தொண்டைத் தண்ணீர் வற்றக் கத்தியவர். இப்போது தடுக்க ஆளில்லை. "ரெண்டு இஞ்சே போடு. டயரும் ஆன்ட்டி சொன்னதுதான், எல்லாத் தரைக்கும் ஓடறது" என்றார்.

"எனக்காகச் சொல்ல வேண்டாம்" என்றாள் அவள்.

"உனக்காகச் சொல்லல. நீ சொன்னது சரி. அப்பவே தெரியும். ஒத்துக்க மனசு வரல, அவ்வளவுதான்."

ஆரிப் குறித்துக்கொள்வது தெரிந்தது. பிறகு, "அச்சா, ஸ்ப்ரிங்ல ரெண்டு மூணு வகை இருக்கு அங்கிள். லோடுக்குத் தகுந்த மாதிரி குடுப்பாங்க. வண்டியில சாதாரணமா எத்தன பேர் போவீங்க?" என்று கேட்டார். கடைக்கு வருகிற எல்லோரிடமும் கேட்கிற கேள்விதான். கேட்டு முடித்த பிறகுதான் அவருக்கே உறைத்திருக்க வேண்டும். அந்தப் பக்கம் தொண்டையைச் செருமும் சத்தம் கேட்டது.

"ரெண்டு பேர்" என்றார் இராஜமாணிக்கம்.

பாப்பம்மாள் தலையணையில் தலையை இப்படியும் அப்படியும் அசைத்தாள். "ஒருத்தர்னு சொல்லுங்க."

"ரெண்டு பேர் ஆரிப். நான் அப்புறம் பேசறேன்." போனை வைத்துவிட்டார்.

அகல்யா அம்மாவின் காலடியில் உட்கார்ந்து, போர்வைக்கு மேலாகப் பாதத்தைப் பிடித்துக்கொண்டாள். வெயில் இன்னும் கொஞ்சம் ஏறி அவள் முழங்கை வரைக்கும் வந்தது.

"ரெண்டாளு ஸ்ப்ரிங்குல ஒத்தையாளு போனா குலுக்கி எடுத்துருமுங்க" என்றாள் பாப்பம்மாள். கோபம் இறங்கிப்போயிருந்தது. சமையலுக்குப் பக்குவம் சொல்வது மாதிரி சொன்னாள். "வெறும் வண்டிக்கு அது கெட்டி. கல்லு ரோட்டுல இடுப்பு கழண்டு போயிரும். உங்களுக்கு இடுப்பு ஏற்கெனவே சரியில்ல."

"நான் எங்கயும் போறதா இல்ல."

"ஏன்?"

"நீயில்லாம நான் எங்க புள்ள போறது?" சொல்லிவிட்டார். பதினாலு நாளாகத் தொண்டையில் நின்றது, வேறு வேஷத்தில் வெளியே வந்துவிட்டது. "வழி சொல்லவே எனக்குச் சரியாத் தெரியாது. வண்டிய எங்க ஓட்டிட்டுப் போறது?"

அவள் கையை நகர்த்தினாள். அவர் எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டார். எடையே இல்லை. இந்தக் கை ஒரு காலத்தில் லாரி ஸ்பேனர் பிடித்தது என்று சொன்னால் நம்ப முடியாது.

"போகாட்டிப் போங்க" என்றாள். "அது உங்க இஷ்டம். நான் கட்டாயப்படுத்தல. ஆனா சொல்றத நெசமாச் சொல்லுங்க. அம்பத்தி நாலாவது வாரம்னு ஒண்ணு கெடையாதுங்க."

அவர் தலையை ஆட்டினார். ஆனால் ஒருத்தர் என்ற அந்த ஒரு வார்த்தையைச் சொல்லவில்லை. அவளும் மறுபடி கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பாரா என்று பிற்பாடு பல தடவை யோசித்துப் பார்த்தார். சொல்லியிருக்க மாட்டார்.

பேசியது களைப்பாகிவிட்டது. சித்த நேரம் தூங்கறேன் என்றாள். அகல்யா அம்மாவின் தலைமுடியைப் பிரித்து, எண்ணெய் தொட்டு மெல்ல வாரிச் சின்னதாகப் பின்னினாள். ஜன்னல் பக்கம் திருப்பிப் படுக்க வையுங்கள் என்றாள் பாப்பம்மாள். அப்பாவும் மகளுமாகத் திருப்பினார்கள். இடுப்புக்குக் கீழே ஒரு தலையணை, முதுகுக்கு ஒன்று. "போதும்" என்றாள். அதுதான் கடைசியாகப் பேசியது.

மத்தியானம் அகல்யா தயிர்ச் சாதம் பிசைந்து அப்பாவுக்கு ஒரு தட்டில் கொண்டுவந்தாள். கட்டில் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்து சாப்பிட்டார். நாரத்தங்காய் ஊறுகாய் வேண்டுமா என்று கேட்டாள், வேண்டாம் என்றார். மூச்சுக்கும் மூச்சுக்கும் நடுவில் இடைவெளி கூடிக்கொண்டே வந்ததை இரண்டு பேரும் கவனித்தார்கள். மூன்றரை மணி சுமாருக்கு அகல்யா டீ வைக்க எழுந்து போனாள். அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பாப்பம்மாளின் தோளைப் பார்த்தார். அது உயர்ந்து இறங்கியது. மறுபடி உயரும் என்று காத்திருந்தார். அடுப்படியில் பால் பொங்கி அடங்கும் சத்தம் கேட்டது, வடிகட்டியைத் தட்டும் சத்தம் கேட்டது. தோள் உயரவில்லை.

"அகலு, டீ வேண்டாம் கண்ணு. இங்க வா" என்றார்.

மறுநாள் காலை கோயம்புத்தூர் விமானத்தில் பாப்பம்மாளின் தம்பி ஸ்ரீதர், பிறந்த வீட்டுக் கோடிப் புடவையோடு வந்து சேர்ந்தார். அக்கா மேல் அதைப் போர்த்திவிட்டுத் தரையில் உட்கார்ந்து சின்னப் பையன் மாதிரி அழுதார். யமுனைக் கரையில் நிகம்போத் காட் மயானத்துக்கு அகல்யாவும் வந்தாள். கொள்ளியும் அவள்தான் வைத்தாள். பொம்பளப் புள்ளய எப்பிடி என்று ஸ்ரீதர் முதலில் முணுமுணுத்தார். பிறகு அவள் தனியாக முன்னே நடப்பதைப் பார்த்து, தானே போய் முழங்கையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டார்.

ஆரிப்பும் வந்திருந்தார். கிரீஸ் கறை படிந்த ஷூவைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, கைகளைக் கட்டிக்கொண்டு குழாயடிப் பக்கம் தள்ளியே நின்றார். யமுனை மேலே லேசாகப் புகை மூட்டம். அங்கே ஒரே நேரத்தில் ஆறேழு குடும்பங்கள் நின்றிருந்தன. அவரவருக்கு அவரவர் நெருப்பு.

இராஜமாணிக்கம் முகம் கழுவப் போகிறவர் போலக் குழாயடிக்குப் போனார். ஆரிப் அவர் கையைப் பிடித்தார். பிடித்தபடியே நின்றார்.

"அந்த ஸ்ப்ரிங்கு சொல்லிட்டியா?" என்று இராஜமாணிக்கம் கேட்டார்.

"இன்னும் இல்ல அங்கிள். அதுக்கு என்ன இப்ப? மெதுவா பாத்துக்கலாம்."

"இல்ல, சொல்லிரு." அவர் குழாயைத் திறந்தார். தண்ணீர் வந்தது. மறுபடி மூடினார். "நான் உங்கிட்ட ரெண்டு பேருன்னு சொன்னேன். அது தப்பு."

ஆரிப் தலையைக் குனிந்துகொண்டார்.

"ஒருத்தர்" என்றார் இராஜமாணிக்கம். "ஒத்தையாளுதான். அப்பிடியே சொல்லிரு."

சொல்லி முடித்ததும் குழாயடித் திட்டில் உட்கார்ந்துவிட்டார். நேற்று மத்தியானத்திலிருந்து ஊர்க்காரர்களுக்கெல்லாம் தானே போன் போட்டு, ஒரு சொட்டுக் கண்ணீர் விடாமல் தகவல் சொன்னவர், ஈரத் திட்டில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதார். ஆரிப்பும் பக்கத்திலேயே உட்கார்ந்தார். பேன்ட் நனைவதை அவர் பொருட்படுத்தவில்லை.

காரியமெல்லாம் முடிந்து ஸ்ரீதரும் ஊருக்குத் திரும்பிய பிறகு, ஒரு புதன்கிழமை ஆரிப் கூப்பிட்டார். வண்டி தயார், ஆனால் நீங்கள் ஒருமுறை நேரில் வர வேண்டும் என்றார். அகல்யா கூட வருகிறேன் என்றதற்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டு, இராஜமாணிக்கம் பிங்க் லைன் மெட்ரோவில் ஏறினார். மயூர் விஹாரில் ஏறினால் எங்கும் மாறாமல் மாயாபுரியில் இறங்கலாம். வழி தப்ப வாய்ப்பே இல்லாத பயணம்.

ஜீப் கடைக்கு வெளியே வெயிலில் நின்றது. கறுப்புக் குலையாத டயர்கள். பார்க்கிறவர்கள் ஒதுங்கி வழிவிடுகிற மாதிரி ஒன்றும் இல்லை. சற்று நிமிர்ந்து நிற்கிறது, அவ்வளவுதான். அவருக்கு அது பிடித்திருந்தது. இத்தனை நாள் சண்டை போட்டோமே, இதைப் பார்த்திருந்தால் முதல் நாளே ஒத்துக்கொண்டிருக்கலாமே என்று நினைத்தார்.

"டிரைவர் சீட்ல ஏறி உக்காருங்க அங்கிள்" என்றார் ஆரிப். "ஆள் உக்காந்த பொறகுதான் உசரம் அளக்கணும். வெறும் வண்டியில அளந்தா கணக்கு நிக்காது."

அவர் பழக்கத்தில் இடது பக்கம் போனார். கதவில் கை வைத்த பிறகு நின்றார். வண்டியைச் சுற்றிக்கொண்டு வலது பக்கம் வந்து, மேலே இருந்த பிடியைப் பற்றி ஏறி உட்கார்ந்தார். ஸ்டியரிங் மேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டார். ஆரிப் அளவு நாடாவோடு தரையில் மண்டியிட்டு, சக்கரத்தின் நடுவிலிருந்து மேலே வளைவு வரைக்கும் அளந்தார். முன் வலது, பின் வலது, பின் இடது, முன் இடது. ஒவ்வொன்றையும் டயர் மேலேயே சாக்பீஸால் எழுதினார். எழுதிவிட்டு ஒரு சுற்றுப் பார்த்தார். மறுபடி அளந்தார்.

"என்னப்பா?"

"ஒண்ணும் இல்ல அங்கிள். வலது பக்கம் கால் இஞ்சு எறங்குது. எல்லா வண்டியிலயும் இருக்கறதுதான். பக்கத்துல ஆள் உக்காந்தா சமமாயி..." ஆரிப் அங்கேயே நிறுத்திக்கொண்டார். நாடாவைச் சுருட்டினார். பிறகு வேறு குரலில், "ஸ்ப்ரிங்குக்கு அடியில வைக்க ஒரு வளையம் இருக்கு. அத வெச்சா ரெண்டு பக்கமும் நேராயிரும். பத்து நிமிஷ வேலதான். வெச்சிரட்டுமா?" என்றார்.

இராஜமாணிக்கம், இத்தனை வருஷம் தான் உட்கார்ந்து வந்த இடது பக்கத்து சீட்டைப் பார்த்தார். புது பிளாஸ்டிக் உறை போட்டிருந்தார்கள். அதில் வெயில் விழுந்து கிடந்தது.

"வேண்டாம் ஆரிப்" என்றார். "அப்பிடியே இருக்கட்டும்."

ஆரிப் துணியை எடுத்துக்கொண்டு டயர்களில் எழுதியிருந்ததை ஒவ்வொன்றாகத் துடைத்தார். இராஜமாணிக்கம் சாவியைத் திருப்பினார். முதல் கியரில் ஒரு தடவை உதறிவிட்டு, வண்டி மெதுவாக நகர்ந்து சாலைக்கு இறங்கியது. இடது பக்கம் கால் இஞ்சு உயர்ந்தே இருந்தது.